பழைய பிரிட்டிஷ் வேட்டை ரைஃபிள்: குழலின் அடியில் இருப்பதைப் படிக்கப் பழகுங்கள்

பழைய பிரிட்டிஷ் இரட்டைக்குழல் ரைஃபிள் ஒன்றை யாராவது உங்கள் கையில் கொடுத்தால், அதன் பக்கத்தகட்டில் இருக்கும் பூவேலையில் உடனே மயங்கிவிடாதீர்கள். மேலே பொறித்திருக்கும் பெயரையும் அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் முன்கட்டையைக் கழற்றி, குழல்களை இறக்கித் தரச் சொல்லுங்கள். குழல்களைத் திருப்பிப் பிடித்தால், சுடும் பொறியைத் தாங்கும் இரும்பு உடலான ஆக்‌ஷனில் அமரும் தட்டையான அடிப்பக்கம் தெரியும். சின்னச் சின்ன கிரீடங்கள், எழுத்துகள், எண்கள் அங்கே குத்தப்பட்டிருக்கும். அந்த ரைஃபிள் எந்த வெடிமருந்துக்காகச் செய்யப்பட்டது, எந்த ஊரில் சோதிக்கப்பட்டது, பின்னால் யாராவது கை வைத்தார்களா என்பதெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கிறது. விற்பவர் சொல்லும் கதை அதோடு ஒத்துப்போனால் மேற்கொண்டு பேசலாம்.

நான் பர்மிங்ஹாமில் டூல்ரூம் வேலை செய்பவன். இரும்பை அரத்தால் சீவி, பொருத்திப் பார்த்து, மறுபடி சீவுவது என் தொழில். நான் வேட்டையாடுவதில்லை, காகித இலக்கைத்தான் சுடுவேன். இந்த ரைஃபிள்களிடம் என்னை இழுத்தது அவற்றின் கைவேலை. அக்காலத்து ஆட்கள் மண்ணெண்ணெய் விளக்கின் கரியைப் பூசி, பாகங்களைப் பொருத்தி, கரி எங்கே ஒட்டுகிறதோ அங்கே மட்டும் இழைத்து, காற்றுகூடப் புகாத அளவுக்கு இரண்டு இரும்புகளைச் சேர்த்தார்கள். நூறு வருடம் கழித்தும் அந்தச் சேர்க்கை அசையாமல் இருப்பதைக் காணும்போது எனக்கு மரியாதைதான் வருகிறது.

சட்டத்தை முடித்துவிட்டுத் தேடுங்கள்

பிரிட்டனில் இருந்துகொண்டு சேகரிப்பவர்களுக்கு இது. 1968ஆம் ஆண்டின் ஃபயர்ஆர்ம்ஸ் சட்டம் இரண்டு வழிகளைத் தருகிறது.

ஒன்று, பழம்பொருள் வழி. அந்தச் சட்டத்தின் 58ஆவது பிரிவு, வெறும் அரும்பொருளாகவோ அலங்காரமாகவோ வைத்திருக்கும் பழைய ஆயுதங்களுக்குச் சான்றிதழ் தேவையில்லை என்கிறது. எது பழையது என்பதை 2021 மார்ச் 22 முதல் தனி விதிமுறை வரையறுக்கிறது: 1939 செப்டம்பர் 1ஆம் தேதிக்கு முன் செய்யப்பட்டிருக்க வேண்டும், அதன் தோட்டா, வழக்கொழிந்த தோட்டாக்களின் பட்டியலில் இருக்க வேண்டும். அதற்கான தோட்டாவை நீங்கள் வைத்திருக்கக் கூடாது, சுடும் எண்ணமும் இருக்கக் கூடாது. ஒருமுறை சுட்டுப் பார்க்கலாமே என்று நினைத்துவிட்டால் இந்த வழி மூடிவிடும். பட்டியலில் தோட்டாவின் பெயரைத் துல்லியமாகப் பாருங்கள். ஒரே விட்டம் கொண்ட இரண்டு தோட்டாக்களில் ஒன்று பட்டியலில் இருக்கும், இன்னொன்று இருக்காது. பழைய ரைஃபிளின் குழலுக்குள் .22 உறை செருகி மாற்றியிருந்தால், வெளித்தோற்றம் எவ்வளவு பழையதானாலும் சான்றிதழ் வேண்டும்.

இரண்டாவது, ஃபயர்ஆர்ம் சர்ட்டிஃபிகேட். உங்கள் பகுதி போலீஸிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொரு ரைஃபிளுக்கும் தகுந்த காரணம் சொல்ல வேண்டும்: கிளப்பில் இலக்குச் சுடுதல், அனுமதியுள்ள நிலத்தில் மான் வேட்டை, அல்லது சேகரிப்பு. மருத்துவரிடமிருந்து தகவல் கேட்பார்கள், வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், பூட்டும் இரும்பு அலமாரி வேண்டும். பி.எஸ். 7558 தரமுள்ள அலமாரியாகவே வாங்கிவிடுங்கள், பேச்சு வளராது. சான்றிதழ் ஐந்து வருடம் செல்லும். எந்தக் காலிபர் (குழல் விட்ட அளவு) வாங்கப்போகிறீர்களோ அந்தக் காலிபருக்கான அனுமதி அதில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆகவே ஏலத்தில் கையைத் தூக்கிவிட்டுப் பிறகு அனுமதி கேட்கும் பேச்சுக்கே இடமில்லை.

இலக்குச் சுடுவதைக் காரணமாகக் காட்ட விரும்புபவர்களுக்கு ஹிஸ்டாரிக்கல் பிரீச்லோடிங் ஸ்மால்ஆர்ம்ஸ் அசோசியேஷன் நல்ல வாசல். 1973இல் தொடங்கிய அமைப்பு. சர்ரேயில் உள்ள பிஸ்லி மைதானத்தில் பழைய ரைஃபிள்களோடு கூடுவார்கள். அங்கே வயதானவர்களிடம் பேசிக் கற்பதைப் புத்தகத்திலிருந்து கற்க முடியாது.

எதில் தொடங்குவது

எல்லோரும் யானை ரைஃபிளைக் கனவு காண்கிறார்கள். நான் ரூக் ரைஃபிளைச் சொல்வேன்.

ரூக் என்பது காக்கை இனத்துப் பறவை. மே மாதத்தில் அதன் குஞ்சுகள் கூட்டை விட்டுக் கிளைக்கு வரும்போது சுடுவதற்கென்று, விக்டோரியா காலத்தில் சின்ன ஒற்றைக்குழல் ரைஃபிள்கள் செய்தார்கள். .300 ரூக், .295, .360 என்று பல அளவுகள். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், டபிள்யூ. ஜே. ஜெஃப்ரி போன்ற பெரிய பெயர்களே இவற்றை விற்றன. இரட்டைக்குழல் யானை ரைஃபிளுக்குப் பல்லாயிரம் பவுண்டு ஆகும் இடத்தில், நல்ல ரூக் ரைஃபிள் சில நூறு பவுண்டுக்குக் கிடைக்கும். அதே வால்நட் கட்டை, அதே கைச்செதுக்கு, குறிபார்க்க அதே மடக்குப் பார்வைத் தகடுகள், எல்லாம் சிறிய உருவில். கண்ணைப் பழக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது. இவற்றின் தோட்டாக்களில் பலவும் வழக்கொழிந்தவை என்பதால் பழம்பொருள் வழியில் சேர்க்கவும் வாய்ப்புண்டு.

ஒரு எச்சரிக்கை. 1920ஆம் ஆண்டுச் சட்டம் ரைஃபிளுக்குச் சான்றிதழ் கேட்டது, ஷாட்கன்னுக்குக் கேட்கவில்லை. அதனால் ஏராளமான ரூக் ரைஃபிள்களில் குண்டைச் சுழற்றும் உள்வரிகளைக் கடைந்தெடுத்து, .410 ஷாட்கன்னாக மாற்றிவிட்டார்கள். வெளியே பார்த்தால் அழகான ரைஃபிள், உள்ளே வழவழப்பான குழாய். ரைஃபிளுக்குரிய பின்பார்வைத் தகடு இருந்தும் உள்ளே வரிகள் இல்லையென்றால், நடந்தது இதுதான். சுவரில் மாட்ட நன்றாக இருக்கும். ஆனால் ரைஃபிள் விலை கொடுக்காதீர்கள். சட்டமும் அதை இப்போது ஷாட்கன்னாகத்தான் பார்க்கும்.

சுட்டு மகிழ வேண்டும் என்றால் லீ-ஸ்பீட் பாருங்கள். ராணுவத்தின் லீ ரைஃபிளை பி.எஸ்.ஏ. நிறுவனம் வேட்டைக்காக மெலிதாக்கி, பிஸ்டல் பிடிக் கட்டை போட்டு விற்றது. .303 தோட்டா இன்றும் சாதாரணமாகக் கிடைக்கிறது. கொஞ்சம் கையில் பணம் இருந்தால் லண்டன் நிறுவனமான ரிக்பியின் .275. ஜெர்மனியின் ஓபெர்ன்டார்ஃபில் மௌசர் செய்த ஆக்‌ஷனில் லண்டன் கட்டையும் குழலும் பொருத்தியது. அதன் தோட்டா 7×57 மௌசர்தான். ரிக்பி அதற்கு 1907இல் ஆங்கில அளவில் ஒரு பெயர் வைத்தார்கள், அவ்வளவே.

முத்திரைகளைப் படித்தல்

இந்த நாட்டில் சோதனை முத்திரை இல்லாத துப்பாக்கியை விற்பது குற்றம். குழலைக் கடைந்தோ தேய்ந்தோ அளவு மாறி, சோதனைத் தகுதி போயிருந்தாலும் அதே சட்டம். சோதனை நிலையங்கள் இரண்டு. லண்டனில் கன்மேக்கர்ஸ் கம்பெனி. 1637இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்ஹாமில் 1813இல் பாராளுமன்றச் சட்டத்தால் உருவானது. என் வேலையிடத்திலிருந்து அதிக தூரமில்லை. வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள்.

1904க்குப் பிறகான முத்திரைகளில் நீங்கள் தேட வேண்டியது என்.பி. என்ற இரண்டு எழுத்துகள். புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்டது என்று பொருள். பர்மிங்ஹாமில் அதன்மேல் கிரீடம் இருக்கும். லண்டனில் வளைந்த வாளைப் பிடித்த கவசக் கை இருக்கும். பி.பி., பி.வி. என்ற எழுத்துகள் கிரீடத்தோடு இருந்தால் பர்மிங்ஹாமின் கரிமருந்துச் சோதனையும் பார்வையிடலும். 1921 முதல் பர்மிங்ஹாம் ஒரு தனி எழுத்தால் ஆண்டையும் குறித்தது, தேதி கண்டுபிடிக்க அது பெரிய உதவி. பழைய ரைஃபிளில் சதுர அங்குலத்துக்கு இத்தனை டன் என்ற அழுத்தம் குத்தியிருந்தால், 1954ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிறகு மறுசோதனை செய்திருக்கிறார்கள். ஏன் செய்தார்கள் என்று கேளுங்கள். புதுக்குழல் போட்டதாலா? தோட்டா அமரும் அறையை மாற்றியதாலா? பதில் தெளிவாக இருந்தால் அது குறையே இல்லை.

கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ரைஃபிளில் இந்த முத்திரைகள் குழலின் பின்முனையிலும் ஆக்‌ஷன் வளையத்திலும் இருக்கும்.

இப்போது மிக முக்கியமான விஷயம். இதற்காகவே இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

.500 மூன்று அங்குலத் தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். பித்தளைக் கூடு ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். ஆனால் அந்தக் கூட்டுக்கு மூன்று வகை ரைஃபிள்கள் இருக்கின்றன. முதலாவது பிளாக் பவுடர் எக்ஸ்பிரஸ்: 1870, 80களில் கரிமருந்துக்காகச் செய்தது. அழுத்தம் குறைவு, குழல் மெலிது. இரண்டாவது நைட்ரோ ஃபார் பிளாக்: அதே கரிமருந்து ரைஃபிளில், பழைய அழுத்தத்தைத் தாண்டாத அளவுக்குக் கொஞ்சமாகப் புகையில்லா மருந்து. 55 கிரெய்ன் கார்டைட் என்ற புகையில்லா மருந்து, 440 கிரெய்ன் குண்டு (கிரெய்ன் ஒரு சிறிய எடை அளவு). மூன்றாவது நைட்ரோ எக்ஸ்பிரஸ்: 80 கிரெய்ன் கார்டைட், 570 கிரெய்ன் குண்டு. முதல் ரைஃபிளின் அறைக்குள் மூன்றாவது தோட்டா தடையில்லாமல் நுழையும், மூடவும் மூடும். சுட்டால் துப்பாக்கி மட்டுமல்ல, உங்கள் கையும் முகமும் போகலாம். .450 மூன்றேகால் அங்குலம், .577 மூன்று அங்குலம் இரண்டிலும் இதே ஆபத்து உண்டு.

இதைத் தடுப்பது குழலின் அடியில் இருக்கும் அந்தச் சின்ன வரிதான். நைட்ரோ எக்ஸ்பிரஸ் ரைஃபிளில் கார்டைட் என்ற சொல்லும் இரண்டு எண்களும், உச்சம் என்பதைக் குறிக்கும் மேக்ஸ் என்ற சொல்லும் குத்தியிருக்கும். .470இல் 75, 500 என்று பார்ப்பீர்கள்: 75 கிரெய்ன் கார்டைட், 500 கிரெய்ன் குண்டு. ரிக்பி 1898இல் கொண்டுவந்த .450இல் 70, 480. ஹாலண்டின் .500/465இல் 73, 480. இந்த வரியைப் படிக்காமல் யாரும் எந்தத் தோட்டாவையும் உள்ளே வைக்கக் கூடாது. வரி தேய்ந்து படிக்க முடியவில்லையென்றால் அது கரிமருந்து ரைஃபிள் என்றே வைத்துக்கொண்டு, தேர்ந்த கன்மேக்கரிடம் கொண்டுபோங்கள். அறைக்குள் தாழ்வெப்பத்தில் உருகும் செரோசேஃப் உலோகத்தை ஊற்றி அச்செடுத்தால் உண்மையான அளவு தெரிந்துவிடும். பெயரை நம்பி அளவை முடிவு செய்யவே முடியாது. பர்மிங்ஹாம் நிறுவனமான வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸின் .318 தோட்டாவில் குண்டின் விட்டம் .330 அங்குலம்!

கையும் காதும் கண்ணும்

குழல்களை அடியிலுள்ள கொக்கியில் விரல் கொடுத்துத் தொங்கவிட்டு, விரல் முட்டியால் மெதுவாகத் தட்டுங்கள். கோயில் மணி போல நீண்டு ஒலித்தால் ஈயப்பற்று முழுசாக இருக்கிறது. கரகரவென்று அடங்கினால், இரண்டு குழல்களையும் இணைக்கும் பட்டி எங்கோ விட்டிருக்கிறது. அதை மறுபடி பற்றவைப்பது பெரிய செலவு. இரட்டைக்குழல் ரைஃபிளில் அதற்குப் பிறகு குண்டுகள் ஒரே இடத்தில் விழுமா என்பதும் கேள்விதான்.

அடுத்து, முன்கட்டையை எடுத்துவிட்டுக் குழல்களை ஆக்‌ஷனில் மாட்டி மூடுங்கள். பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். முன்கட்டையோடு அசைத்தால் அதன் ஸ்பிரிங் ஆட்டத்தை மறைத்துவிடும், அதனால்தான் எடுக்கச் சொல்கிறேன். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, குழலின் பின்முனைக்கும் ஆக்‌ஷன் முகத்துக்கும் நடுவே ஒளி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் தேய்மானம்.

குழலின் உள்ளே விளக்குவிட்டுப் பாருங்கள். வாய்ப்பக்கம் பளபளவென்று இருப்பதைக் கண்டு மகிழ்ந்துவிட வேண்டாம். பழைய கார்டைட்டில் 58 சதவீதம் நைட்ரோகிளிசரின். எரியும் சூடு மிக அதிகம். அது முதலில் அரிப்பது அறைக்கு முன்னால் வரிகள் தொடங்கும் இடத்தைத்தான். அங்கே வரிகள் மங்கி, முதலைத் தோல் போல வெடிப்புகள் தெரிந்தால் இந்த ரைஃபிள் நிறைய உழைத்திருக்கிறது. குழல் நெடுக குழிகுழியாகத் துரு இருந்தால் அது மருந்தின் வேலையல்ல. பழைய தோட்டாக்களின் பொறிமூடியில் இருந்த பொட்டாசியம் குளோரேட் உப்பாகப் படிந்து ஈரத்தை இழுத்திருக்கிறது. சுட்டவர் வெந்நீர் விட்டுக் கழுவவில்லை.

கட்டையில் விரிசலைத் தேட வேண்டிய இடங்கள் இரண்டு: பிடியின் மெல்லிய பகுதி, அப்புறம் ஆக்‌ஷனுக்குப் பின்னால் மரம் இரும்பைத் தொடும் முனைகள். நூறு வருட எண்ணெய் இறங்கி அங்கே மரம் கறுத்து மெத்தென்றாகியிருக்கும். பெரிய காலிபரின் உதை அதே இடத்தில்தான் விழும்.

திருகாணிகளை நான் ரொம்ப நேரம் பார்ப்பேன். நல்ல பிரிட்டிஷ் வேலையில் திருகாணிகளின் பிளவுகள் எல்லாம் குழலின் நீளவாக்கில் ஒரே திசையில் நிற்கும். தலைப்பிளவு முடியளவு மெலிதாக, விளிம்பு கூர்மையாக இருக்கும். பிளவு சிதைந்து, திசை மாறி நின்றால், சரியான திருப்புளி இல்லாத ஒருவர் உள்ளே போயிருக்கிறார். வெளியே இப்படியென்றால் உள்ளே என்ன செய்திருப்பார்? பூட்டை, அதாவது சுடும் பொறியை, கழற்றிக் காட்டச் சொல்லத் தயங்காதீர்கள். வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸின் 1897ஆம் ஆண்டுக் காப்புரிமை கொண்ட கழற்றும் பூட்டு ரைஃபிளாக இருந்தால் எந்தக் கருவியும் தேவையில்லை; அடித்தகட்டைத் திறந்து பூட்டைக் கையாலேயே வெளியே எடுக்கலாம். அதன் உட்புறத்தை, யாரும் பார்க்காத இடத்தை, கண்ணாடி போல மெருகேற்றியிருப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்களின் வேலை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ரொம்பப் பெருமை.

இரண்டு குழல், ஒரு புள்ளி

இரட்டைக்குழல் ரைஃபிளின் அருமை எங்கே இருக்கிறது என்று கேட்டால், செதுக்கு வேலையைக் காட்ட மாட்டேன். இரண்டு குழல்களும் ஒரே புள்ளியில் சுடுவதைத்தான் சொல்வேன்.

வலது குழலைச் சுடும்போது, குண்டு வெளியேறும் முன்பே உதையால் துப்பாக்கி வலப்புறமும் மேலேயும் திரும்பத் தொடங்கிவிடும். இடதுக்கு இடப்புறம். ஆகவே குழல்களை இணையாகப் பொருத்தினால் குண்டுகள் விலகிப் போகும். அதனால் முனையில் இரண்டும் நெருங்கி வரும்படி பொருத்துவார்கள். எவ்வளவு நெருங்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டு முழுசாகக் கண்டுபிடிக்க முடியாது. ரெகுலேட்டர் என்ற தனி வேலைக்காரர் இருந்தார். அவர் சுட்டுப் பார்ப்பார்; முனையில் பற்றை இளக்கி, இடையிலிருக்கும் ஆப்பைக் கொஞ்சம் நகர்த்துவார்; மறுபடி சுடுவார். இரண்டு குழலின் குண்டுகளும் ஒன்றாகச் சேரும்வரை இதே வேலை. முன்னே குறித்த கார்டைட் எண்கள் இதற்காகவும்தான்: அந்த மருந்து, அந்த எடை, அந்த வேகம் என்றால் மட்டுமே அவர் பட்ட பாடு பலிக்கும். தோட்டா வேகம் குறைந்தால் குண்டுகள் விலகும். கூடினால் ஒன்றையொன்று குறுக்கே தாண்டிப் போகும். வாங்கிய இரட்டை ரைஃபிள் சரியாகச் சேரவில்லையென்றால் உடனே பற்றை இளக்கக் கொடுக்காதீர்கள். தோட்டாவின் வேகத்தைச் சரிபாருங்கள். குறை பெரும்பாலும் அங்கேதான்.

சூடான நாடுகளில் கார்டைட்டின் அழுத்தம் ஏறும். அதனால் இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போகும் தோட்டாக்களில் மருந்தைக் குறைத்துப் போட்டதும் உண்டு. பழைய தோட்டாப் பெட்டியில் வெப்பநாட்டுக்கு என்று அச்சிட்டிருந்தால் அதுதான் விஷயம்.

பெயரும் தாளும்

மேலே லண்டன் பாண்ட் ஸ்ட்ரீட் முகவரி இருக்கலாம். அடியில் பர்மிங்ஹாம் முத்திரை இருக்கும். ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். பல லண்டன் கடைகள் பர்மிங்ஹாம் பட்டறைகளில் செய்வித்துத் தங்கள் பெயரில் விற்றன. ஆன்சன் அண்ட் டீலி பாக்ஸ்லாக் (பூட்டு உடலுக்குள்ளேயே இருக்கும் வகை), 1875இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பட்டறையில் பிறந்தது. உலகமே அதைப் பின்பற்றியது. ஆனால் பூட்டைப் பக்கத்தகட்டில் பொருத்திய ஹாலண்டின் ராயல் சைட்லாக் விலையில் இன்னொருவர் பெயர் பொறித்த பாக்ஸ்லாக்கை உங்களிடம் தள்ளினால் மறுத்துவிடுங்கள். பாக்ஸ்லாக் வலுவானது, எளிமையானது, விலை குறைவு; அதை அந்த விலைக்கே வாங்குங்கள். ஒற்றைக்குழலில் என் மனசைக் கவர்ந்தது ஃபார்குஹார்சன். பெர்த்ஷயரைச் சேர்ந்த ஜான் ஃபார்குஹார்சன் 1872இல் காப்புரிமை பெற்ற, அறையை மூடும் இரும்புக் கட்டை கீழே இறங்கித் திறக்கும் ஆக்‌ஷன். பிரிஸ்டலின் ஜார்ஜ் கிப்ஸ் செய்தார். எடின்பரோவின் அலெக்சாண்டர் ஹென்றி 1865இல் செய்ததும் அதே இனம். இரண்டையும் பக்கத்தில் வைத்துத் திறந்து மூடிப் பார்க்கும் வாய்ப்பு வந்தால் விடாதீர்கள்.

ரைஃபிளின் வரிசை எண்ணை எழுதி அந்த நிறுவனத்துக்கு அனுப்புங்கள். ஹாலண்ட், பர்டி, ரிக்பி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் எல்லோரிடமும் பழைய பேரேடுகள் இருக்கின்றன. கட்டணம் வாங்கிக்கொண்டு, எந்தத் தேதியில், யாருக்கு, எந்தக் காலிபரில், என்ன நீளத்தில் செய்து கொடுத்தார்கள் என்று கடிதம் தருவார்கள். அந்தத் தாள் விலையைக் கூட்டும் என்பது ஒரு பக்கம். குழல் நீளமும் காலிபரும் பேரேட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கத்தான் எனக்கு அது வேண்டும்.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு ஈர்ப்பும் உண்டு. இந்த ரைஃபிள்களில் கணிசமானவை இந்தியாவுக்குப் போனவை. மகாராஜாக்களின் பெயர்கள் பேரேடுகளில் வரிசையாக வரும். சில குழல்களில் கல்கத்தாவின் மேன்டன், ரோடா கடைகளின் பெயர் இருக்கும். 1914 ஆகஸ்ட் 26இல் வங்காளப் புரட்சியாளர்கள் 50 மௌசர் கைத்துப்பாக்கிகளைக் கடத்தினார்களே, அதே ரோடாதான். காலிபர் வரலாற்றையே இந்தியா திருப்பியிருக்கிறது: 1900களின் தொடக்கத்தில் அரசு .450 காலிபரைத் தடை செய்ததும், கன்மேக்கர்கள் அவசரமாக .465, .470, .475 என்று புது அளவுகளைச் செய்தார்கள். ஜிம் கார்பெட் சம்பாவத் புலியைச் சுட்டதற்காக 1907இல் பரிசாகப் பெற்ற .275 ரிக்பி இப்போது லண்டனில் ரிக்பி நிறுவனத்திடமே இருக்கிறது. ஆட்கொல்லிப் புலியைச் சுட்ட கதை அது. மற்றபடி பேரேடுகளில் இருக்கும் பெயர்கள் பலவற்றுக்கும் பின்னால், கணக்கில்லாமல் சுட்டுக் குவித்த புலிகள் உண்டு. ஒரு ரைஃபிளின் வரலாற்றை எழுதும்போது அதையும் நான் எழுதி வைக்கிறேன். மறைத்து எழுதினால் அது வரலாறாகாது.

சுடுவதும் துடைப்பதும்

பழைய தோட்டா நிறுவனமான கைனாக்கின் பெட்டி கிடைத்தால் அலமாரிக்கு அழகு. ஆனால் தோட்டா இருக்கிறது என்றால் அதற்கும் சான்றிதழ் வேண்டும். அதைச் சுடாதீர்கள். சஃபோக்கில் கைனாம்கோ நிறுவனம் கைனாக் பெயரில் பெரிய காலிபர்களைப் புதிதாகச் செய்கிறது. விலை அதிகம்தான், ஆனால் ரெகுலேட்டர் வைத்த எடைக்கும் வேகத்துக்கும் பொருத்தமாகச் செய்வார்கள். மானுக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள், இங்கிலாந்தில் பெரும்பாலான மான் வகைகளுக்குக் காலிபர் .240க்குக் குறையக் கூடாது, வாய் ஆற்றல் 1,700 அடி-பவுண்டுக்குக் குறையக் கூடாது என்பதைப் பாருங்கள். .303உம் .275உம் தாராளமாகத் தாண்டும்; ரூக் ரைஃபிள் எட்டாது.

கரிமருந்து சுட்டால் அன்றே கொதிநீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் விடுங்கள். அடுத்த நாளுக்கு வைத்தால் துரு பிடித்துவிடும். கட்டைக்கு ஆளி விதை எண்ணெய் போதும். பழைய ஆட்கள் அதில் ஆல்கனெட் வேரை ஊறவைத்துச் சிவப்பேற்றுவார்கள். ஒரு துளியை உள்ளங்கையில் தேய்த்து, சூடு பிறக்கும்வரை மரத்தில் தடவி, காயவிட்டு, மறுபடி தடவ வேண்டும். வார்னிஷ் வேண்டவே வேண்டாம். ஆக்‌ஷனில் எலும்புக்கரியில் பதப்படுத்தியபோது வந்த நீலமும் பழுப்பும் மங்கியிருந்தால், அப்படியே விடுங்கள். மீண்டும் நிறமேற்றச் சூடுபடுத்தினால் இரும்பு லேசாக முறுக்கிக்கொள்ளும். கரி தடவிப் பொருத்திய பொருத்தம் கெடும். குழலைப் புதிதாகக் கறுப்பாக்கும்போது தேய்ப்பதில் எழுத்துகள் மழுங்கும். புதுசு போல மின்னும் நூறு வருட ரைஃபிளை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

ஏலத்துக்குப் போகும்போது

நார்ஃபோக்கின் ஹோல்ட்ஸ், லண்டனின் பான்ஹாம்ஸ் போன்ற ஏல நிறுவனங்களில் பார்வை நாள் என்று ஒன்று இருக்கும். வாங்காவிட்டாலும் போங்கள். சின்ன டார்ச், பூதக்கண்ணாடி, துணிக் கையுறை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டால் குழலை இறக்கிக் காட்டுவார்கள். ஒரே நாளில் பல கன்மேக்கர்களின் வேலையைக் கையில் பிடித்துப் பார்க்க வேறு வழியில்லை. லீட்ஸில் ராயல் ஆர்மரிஸ் இருக்கிறது, ஆனால் அங்கே கண்ணாடிக்குப் பின்னால்தான்.

ஏலத்தில் சுத்தியல் விழும் விலையோடு கணக்கு முடியாது. வாங்குபவர் கட்டணம் ஏறத்தாழ கால்பங்கு வரும், அதன்மேல் வாட் வரி. முன்கூட்டியே கூட்டி, உங்கள் உச்சத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு உட்காருங்கள். சான்றிதழ் தேவைப்படும் ரைஃபிளை நேரில் வந்தே வாங்கிக்கொள்ள வேண்டும், அல்லது உங்கள் ஊரில் பதிவுபெற்ற டீலர் மூலம் பெற வேண்டும். கைமாறியதும் ஏழு நாளுக்குள் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும்.

குழல் முனையில் குறிபார்க்க வைத்திருக்கும் முன்பார்வையின் வெள்ளை மணியைக் கவனியுங்கள். இருட்டில் தெரிவதற்காகப் பலவற்றில் யானைத் தந்தத்தில் வைத்தார்கள். 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த தந்தச் சட்டப்படி, 1947க்கு முந்தைய பொருளில் தந்தம் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் விற்கலாம், ஆனால் விற்கும் முன் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் 20 பவுண்டு. சிலவற்றில் அது காட்டுப்பன்றிக் கோரைப்பல்லாகவோ எனாமலாகவோ இருக்கும். என்னவென்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் குழலின் அடிப்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, பேரேட்டுக் கடிதம், ஏல ரசீது, அறை அச்சின் அளவுகள், நீங்கள் சுட்ட தோட்டாவும் அது விழுந்த இலக்குத் தாளும் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். பிறகு எந்தப் பழுது பார்த்தாலும் யார், எப்போது, என்ன செய்தார் என்று அதிலேயே எழுதுங்கள். ரைஃபிள் கைமாறும் நாளில் கோப்பும் கூடவே போகட்டும்.